மரத்துக்கு ஒரு முகவரி!

(மரக் கணக்கெடுப்புக்கு எந்த ஜி.பி.எஸ். கருவி ஏற்றது?)



ஆண்டு மலர் என்றால் கவிதை இருக்கும், ஜோக் இருக்கும், ஹாஸ்டல் சாம்பாரைப் பற்றி ஒரு புலம்பலும் இருக்கும். நான் எழுதப் போவது ஒரு தப்பைப் பற்றி. நாங்கள் நாலு பேர் சேர்ந்து செய்த தப்பு. அதை ஒளிக்காமல் சொன்னால்தான் அடுத்த வருஷம் புராஜெக்ட் செய்யப்போகும் தம்பிகளும் தங்கைகளும் அதையே செய்ய மாட்டார்கள்.

எங்கள் ஊர்ப் பக்கம் ஒரு பழைய சாலை. இரண்டு ஓரமும் புளியமரங்கள். மழைக்காலத்துக்கு முன்னால், பொந்து விழுந்து ஆபத்தாக நிற்கும் மரங்களை மட்டும் கண்டுபிடித்து அகற்றுவது என்று முடிவாகியிருந்தது. அந்தக் கணக்கெடுப்பை நாங்கள் புராஜெக்ட்டாகக் கேட்டு வாங்கினோம். ஒரு டேப், ஒரு சுண்ணாம்பு வாளி, ஆளுக்கொரு செல்போன். மரத்துக்கு மரம் சுண்ணாம்பில் எண் போட்டோம். போனில் ஒரு இலவச ஆப்பைத் திறந்து, அது காட்டிய அட்சரேகை, தீர்க்கரேகையை நோட்டில் எழுதினோம். புள்ளிக்குப் பின்னால் ஆறு இலக்கம் வந்தது. "ஆறாவது இலக்கம்னா பதினோரு சென்டிமீட்டர்டா! டோட்டல் ஸ்டேஷனே தோத்துடும்!" என்று நாங்களே எங்களைத் தட்டிக்கொடுத்துக்கொண்டோம்.

47-ஆம் எண் மரத்தில் ஆள் நுழையும் அளவுக்குப் பொந்து. ஒரு டீக்கடைக்கு நேர் மேலே அது கிளை விரித்து நின்றது. அதிலிருந்து 6 மீட்டர் தள்ளி 48. கல்லு மாதிரி மரம். 47-ஐ அகற்றலாம், 48 இருக்கட்டும் என்று எழுதிக் கொடுத்தோம்.

இடையில் இரண்டு நாள் நல்ல மழை. சுண்ணாம்பு எண்கள் கரைந்து போயின. வெட்ட வந்தவர்கள் எங்கள் பட்டியலையும் ஒரு செல்போனையும் வைத்துக்கொண்டு மரத்தைத் தேடினார்கள். போன் சரியாக 48-ன் அடியில் கொண்டுபோய் நிறுத்தியது. வெட்டினார்கள். பொந்து மரம் டீக்கடைக்கு மேலேயே நின்றது.

விஷயம் தெரிந்து ஓடினோம். டீக்கடைப் பாட்டி திட்டக்கூட இல்லை. "ஏந் தம்பி, நல்ல மரத்த வெட்டிப்புட்டு நோஞ்சான என் தலைக்கு மேல விட்டுட்டீங்களே, நீங்க படிச்ச புள்ளைங்கதானே?" என்று மட்டும் கேட்டார். இரண்டு நாளில் 47-ஐயும் இறக்க வேண்டியதாயிற்று. இரண்டு மரமும் போச்சு. இப்போது அந்தக் கடைக்கு நிழல் என்பது ஒரு நீல நிற தார்ப்பாய்தான்.

எங்கே தப்பு? "மலிவான போனை வைத்து எடுத்தோம், விலை கூடின கருவி இருந்தால் தப்பே வந்திருக்காது" என்றுதான் முதலில் நினைத்தோம். படித்துப் பார்த்ததில், அதுவும் பாதி உண்மைதான் என்று தெரிந்தது. மீதிப் பாதியைத்தான் இந்தக் கட்டுரையில் சொல்லப் போகிறேன்.

சர்வேயருக்கும் மரத்துக்கும் பழைய பகை

மரம் சர்வேயைத் தொல்லை செய்வது இன்று நேற்று வந்ததல்ல. 1802-ல் வில்லியம் லாம்ப்டன் சென்னை பரங்கிமலைப் பக்கம் அடிக்கோடு அளந்து, இந்தியாவின் மாபெரும் முக்கோண அளவைக்கு வழி போட்டார். காவிரிச் சமவெளிக்கு வந்தபோது அவருக்கு மலையும் இல்லை, பார்வையும் இல்லை. எங்கு பார்த்தாலும் தென்னை. ஆகவே கோயில் கோபுரங்களின் மேல் கருவியை ஏற்றினார். 1808-ல் தஞ்சைப் பெரிய கோயிலில் ஏற்றும்போது கயிறு அறுந்து, ஏறக்குறைய அரை டன் எடையுள்ள தியோடலைட் சுவரில் மோதி நசுங்கியது. மனிதர் அசரவில்லை, பிரித்துப்போட்டுத் தாமே பழுது பார்த்தார்.

இன்றைக்கு நமக்குக் கோபுரம் ஏற வேண்டியதில்லை. ஆனாலும் மரம் மறைக்கத்தான் செய்கிறது. அன்று மறைத்தது அடுத்த ஸ்டேஷனை. இன்று மறைப்பது வானத்தை.

ஜி.பி.எஸ். எப்படி இடம் சொல்கிறது?

சுருக்கமாகச் சொல்கிறேன். ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள் ஏறக்குறைய 20,200 கி.மீ. உயரத்தில் சுற்றுகின்றன. ஒவ்வொன்றும் "நான் இன்னார், இந்த இடத்தில் இருக்கிறேன், இப்போது மணி இன்னது" என்று ரேடியோவில் சொல்லிக்கொண்டே இருக்கும். சிக்னல் வந்து சேர எடுத்த நேரத்தை ஒளியின் வேகத்தால் பெருக்கினால் தூரம். நான்கு செயற்கைக்கோள்களின் தூரம் தெரிந்தால் நம் இடமும், நம் கருவியின் கடிகாரப் பிழையும் சேர்ந்து கிடைத்துவிடும். நேரத்தில் ஒரு மைக்ரோ செகண்ட் பிசகினால் தரையில் 300 மீட்டர் பிசகும். அவ்வளவு நுணுக்கமான வேலை!

2000-ஆம் ஆண்டு மே மாதம் வரை அமெரிக்கா வேண்டுமென்றே பொதுமக்களுக்கான சிக்னலில் பிழையைக் கலந்து வைத்திருந்தது. அப்போது 100 மீட்டர் வரை தப்பு வரும். அதை நிறுத்திய பிறகுதான் மரம், கம்பம், மேன்ஹோல் என்று எதையும் ஜி.பி.எஸ்.ஸில் குறிக்கலாம் என்ற நிலை வந்தது. இன்று ரஷ்யாவின் குளோனாஸ், ஐரோப்பாவின் கலிலியோ, சீனாவின் பெய்டோ எல்லாம் சேர்த்தால் நூறுக்கு மேற்பட்ட செயற்கைக்கோள்கள். நம் நாட்டு நாவிக்கும் உண்டு. ஆனால் அதை மட்டும் நம்பிக் கருவி வாங்க வேண்டாம், மற்றவற்றோடு சேர்த்து வாங்கும் கருவியாகப் பாருங்கள்.

மரத்தடியில் என்ன நடக்கிறது?

செயற்கைக்கோளிலிருந்து தரைக்கு வரும் சக்தி எவ்வளவு தெரியுமா? ஒரு வாட்டை நூறு கோடி கோடிப் பங்கு போட்டால் வருமே, ஏறக்குறைய அந்த ஒரு பங்கு! இவ்வளவு மெலிந்த சிக்னலுக்கு முன்னால் ஒரு புளியமரம் நிற்கிறது. மூன்று தொல்லைகள் வருகின்றன.

ஒன்று, சிக்னல் தேய்கிறது. இலையிலும் மரத்திலும் இருக்கும் தண்ணீர் அதைக் குடித்துவிடும். மழை பெய்து இலை நனைந்திருந்தால் இன்னும் மோசம். நம் உடம்பும் தண்ணீர்தானே! கருவியை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றால் பாதி வானத்தை நாமே மறைக்கிறோம்.

இரண்டு, சிக்னல் நேராக வராமல் அடிமரத்திலும் கிளையிலும் பக்கத்துச் சுவரிலும் மோதிச் சுற்றி வருகிறது. இதை மல்டிபாத் என்கிறார்கள். சுற்றி வந்தால் நேரம் கூடும். நேரம் கூடினால் தூரம் கூடும். கருவி நம்மைத் தள்ளி நிறுத்தும்.

மூன்று, ஜியோமெட்ரி கெடுகிறது. கிளை இடைவெளியில் தெரியும் நாலைந்து செயற்கைக்கோள்கள் வானத்தின் ஒரே மூலையில் கூடியிருந்தால், முக்கோணம் ஒட்டிப்போகும். நாம் முதல் பாடத்தில் படித்த "வெல் கண்டிஷண்டு டிரையாங்கிள்" இங்கேயும் அதே கதைதான். கருவி இதை ஹெச்.டி.ஓ.பி. என்ற எண்ணில் காட்டும். 1 என்றால் நல்லது. 4, 5 என்று ஏறினால் கொஞ்சம் பொறுத்திருந்து எடுங்கள்.

வாங்குமுன் முதல் கேள்வி: பக்கத்து மரம் எவ்வளவு தூரம்?

கடைக்காரரிடம் கேட்க வேண்டிய கேள்வி இல்லை இது. நம்மையே கேட்டுக்கொள்ள வேண்டியது. ஒரு மரத்துக்கும் அடுத்த மரத்துக்கும் உள்ள இடைவெளியில் பாதியைத் தாண்டிக் கருவியின் பிழை போகுமானால், மரங்கள் மாறிவிடும். இது வெறும் கூட்டல் கழித்தல் கணக்கு. பாதி என்பது கடைசி எல்லை. மூன்றில் ஒரு பங்குக்குள் வைத்துக்கொள்வது நிம்மதி.

- மாந்தோப்பு, 10 மீட்டர் இடைவெளி: பிழை 5 மீட்டரைத் தாண்டக் கூடாது.
- தென்னந்தோப்பு, 7.5 மீட்டர் (நம் 25 அடிக் கணக்கு): 3.75 மீட்டர்.
- எங்கள் புளியமரங்கள், 6 மீட்டர்: 3 மீட்டர்.
- தேக்கு, 2-க்கு 2 மீட்டர்: 1 மீட்டர்.
- வரப்பில், எல்லைக் கல் கோட்டில் நிற்கும் மரம்: யார் பக்கம் என்பதே வழக்கு. இங்கே சென்டிமீட்டர் கணக்கு வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. ஒரு தோப்பில் எத்தனை மரம், என்ன ஜாதி, என்ன பருமன் என்று மட்டும் தெரிந்தால் போதும் என்றால், மரத்துக்கு மரம் ஜி.பி.எஸ். வேண்டியதே இல்லை. நான்கு மூலையைக் குறித்தால் போதும். தேவையில்லாத துல்லியத்துக்குக் காசு கொடுப்பதும் ஒரு தப்புதான்.

கையேட்டில் போட்டிருக்கும் எண்ணை எப்படிப் படிப்பது?

கருவியின் கையேட்டில் "துல்லியம் 2.5 மீட்டர் சி.இ.பி." என்று இருக்கும். சி.இ.பி. என்றால் என்ன? நூறு தடவை எடுத்தால் ஐம்பது தடவை 2.5 மீட்டர் வட்டத்துக்குள் விழும் என்று அர்த்தம். மீதி ஐம்பது? வெளியே! நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து தடவை உள்ளே விழ வேண்டுமானால் அந்த எண்ணை ஏறக்குறைய இரண்டால் பெருக்க வேண்டும். அதாவது 5 மீட்டர். அதுவும் திறந்த வானத்தில்! மரத்தடிக்கு யாரும் கையேட்டில் கணக்குப் போட்டுத் தருவதில்லை.

ஆகவே இரண்டு கருவிகளை ஒப்பிடும்போது இது சி.இ.பி.யா, ஆர்.எம்.எஸ்.ஸா, 95 சதவீதமா என்று பாருங்கள். 2.5 மீட்டர் சி.இ.பி. போட்ட கருவியைவிட, 4 மீட்டர் 95 சதவீதம் போட்ட கருவி நல்ல கருவி. பார்த்தால் தலைகீழாகத்தான் தெரியும்.

எங்கள் ஆறு இலக்கமும் இதே ஏமாற்றுதான். கருவி எத்தனை இலக்கம் எழுதுகிறது என்பது வேறு, எத்தனை இலக்கம் உண்மை என்பது வேறு. லீஸ்ட் கவுண்ட் வேறு, அக்யுரசி வேறு என்று முதல் வருஷமே சார் சொல்லித்தந்தார். பரீட்சையில் எழுதி ஐந்து மார்க் வாங்கியும் இருக்கிறோம்!

நான்கு வகைக் கருவிகள்

1. செல்போன். காசு தனியாகச் செலவில்லை. திறந்த வானத்தின் கீழ் ஏறக்குறைய 5 மீட்டருக்குள் காட்டும் என்று அமெரிக்க அரசின் ஜி.பி.எஸ். தளமே சொல்கிறது, மரம், கட்டடம், பாலம் பக்கத்தில் குறையும் என்றும் அதுவே சொல்கிறது. 2018 முதல் இரண்டு அலைவரிசை வாங்கும் போன்களும் வந்துவிட்டன, அவை பரவாயில்லை. தூரத் தூர நிற்கும் ஆலமரம், அரசமரம், ஊருக்கு ஒன்றிரண்டு பழைய மரங்கள்: இதற்குப் போன் போதும். படமும் சேர்ந்து கிடைக்கும்.

2. கையடக்கக் கருவி. கார்மின் போன்றவர்களின் ஈட்ரெக்ஸ், ஜி.பி.எஸ். மேப் வகைகள். மழை, தூசி, கீழே விழுதல் எல்லாம் தாங்கும். சிலவற்றில் பேட்டரி செல் மாற்றலாம். காட்டு வேலைக்கு இது பெரிய வசதி. தலையில் குட்டை கொம்பு போல நீட்டிக்கொண்டிருக்கும் குவாட் ஹெலிக்ஸ் ஆன்டெனா, மரத்தடியில் பெரும்பாலும் தட்டையான பேட்ச் ஆன்டெனாவை விடக் கெட்டிக்காரத்தனமாக வேலை செய்யும். ஆனாலும் அடர்ந்த மர நிழலில் 5 முதல் 10 மீட்டர் வரை பிசகுவது சகஜம்.

3. சப் மீட்டர் ரிசீவர். அதாவது ஒரு மீட்டருக்குள் சொல்லும் மேப்பிங் கருவி. தடியின் உச்சியில் ஆன்டெனா, புளூடூத் வழியாகப் போனில் படிப்பு. தடி 2 மீட்டர் உயரம் இருந்தால் நம் உடம்பு மறைக்காது. மரத்தடியில் ஒரு மீட்டர் என்பது இரண்டாகவும் மூன்றாகவும் ஆகலாம். தோப்பு, பூங்கா, சாலை ஓர மரங்களுக்குப் பொருத்தமானது.

4. ஆர்.டி.கே. கருவி. தெரிந்த இடத்தில் ஒரு ரிசீவர் நின்று பிழையைச் சொல்ல, கையில் உள்ள ரிசீவர் உடனுக்குடன் திருத்திக்கொள்ளும். வழக்கமான கணக்கு 1 செ.மீ. கூட்டல் 1 பி.பி.எம்.; பேஸ் 10 கி.மீ. தள்ளியிருந்தால் இன்னொரு 1 செ.மீ. சேரும். சர்வே ஆஃப் இந்தியா நிறுவியிருக்கும் நிலையான கோர்ஸ் நிலையங்களிலிருந்து இன்டர்நெட் வழியாகத் திருத்தம் வாங்கலாம்; அப்போது இரண்டாவது ரிசீவர் வேண்டாம், ஆனால் செல்போன் டவர் வேண்டும். முன்பு பல லட்சம் ஆன இந்த வசதி, 2018-க்குப் பிறகு யூபிளாக்ஸ் எஃப்9பி போன்ற சிப்கள் வந்ததால் எவ்வளவோ விலை இறங்கிவிட்டது.

"அப்ப ஆர்.டி.கே. வாங்கிட்டா கவலை விட்டது!" என்று நினைத்தீர்களா? இங்கேதான் சூட்சுமம். திரையில் "ஃபிக்ஸ்டு" என்று வந்தால்தான் சென்டிமீட்டர். மரத்தடிக்குப் போனதும் அது "ஃப்ளோட்" ஆகிவிடும். துல்லியம் அரை மீட்டர், ஒரு மீட்டர் என்று சரியும். அதைவிட மோசம், அடர்ந்த நிழலில் பொய்யான ஃபிக்ஸ் வரும். கருவி தைரியமாக 2 செ.மீ. என்று காட்டும்; உண்மையில் மீட்டர் கணக்கில் தள்ளி இருக்கும். வைத்தியம்: ஒரு தடவை எடுத்தபின் கருவியைத் திறந்தவெளிக்குக் கொண்டுபோய், ஃபிக்ஸை உடைத்து, மறுபடி வந்து எடுங்கள். இரண்டும் ஒத்துப்போனால்தான் நம்புங்கள்.

நம்ம ஊர் வானத்துக்கு ஒரு தனிக் குணம்

பூமியின் காந்த நடுக்கோடு தென்னிந்தியாவின் தென்கோடி வழியாகப் போகிறது. 1963-ல் தும்பாவில் ராக்கெட் தளம் அமைந்ததற்கே அதுதான் காரணம். அந்தக் கோட்டுக்குப் பக்கத்தில் அயனி மண்டலம் கொந்தளிப்பானது. பிற்பகலில் தடித்துப்போய் சிக்னலைத் தாமதப்படுத்தும். சூரியன் மறைந்தபின் சில நாட்களில் சிக்னலையே நடுங்க வைக்கும். சூரியப் புள்ளிகள் அதிகமாக உள்ள வருடங்களில், மார்ச், செப்டம்பரை ஒட்டிய மாதங்களில் இது கூடுதல்.

நமக்கு என்ன பாடம்? ஒன்று, ஒற்றை அலைவரிசைக் கருவியை விட எல்1, எல்5 அல்லது எல்1, எல்2 என்று இரண்டு வாங்கும் கருவி நம்ம ஊருக்கு ரொம்ப உபயோகம். இரண்டையும் ஒப்பிட்டு இந்தத் தாமதத்தை அதுவே கழித்துவிடும். இரண்டு, ககன் வசதி உண்டா என்று கேளுங்கள். இஸ்ரோவும் விமான நிலைய ஆணையமும் விமானங்களுக்காக அமைத்த திருத்தச் சேவை அது, இலவசம். மூன்று, வெயில் ஏறுமுன் காலையிலேயே வேலையை முடியுங்கள். கருவிக்கும் நல்லது, நமக்கும் நல்லது.

பூட்டி வைத்திருக்கும் பழைய கருவி

இப்போது மீதிப் பாதி உண்மைக்கு வருகிறேன். மரம் எங்கே இருக்கிறது என்று தெரிய, மரத்தடியில்தான் நிற்க வேண்டும் என்று யார் சொன்னது?

செயின் சர்வேயில் நாம் என்ன செய்தோம்? கோட்டில் நின்றுகொண்டு, தள்ளி இருக்கும் கம்பத்துக்கும் கிணற்றுக்கும் ஆஃப்செட் எடுத்தோம். அதே வேலைதான். வானம் திறந்த இடத்தில் நில்லுங்கள். அங்கே ஜி.பி.எஸ். நிதானமாக எடுக்கட்டும். பிறகு டேப் பிடித்து மரத்துக்குத் தூரம். பிரிஸ்மாட்டிக் காம்பஸில் பேரிங். அவ்வளவுதான்! 20 மீட்டர் தூரத்தில் காம்பஸ் ஒரு டிகிரி பிசகினாலும் தப்பு 35 செ.மீ.தான். மரத்தடியில் நின்று 5 மீட்டர் ஏமாறுவதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஒரு கணக்கு. மரப்பட்டை வரை டேப் 12.4 மீட்டர். நெஞ்சு உயரத்தில், அதாவது நம் நாட்டு வழக்கப்படி தரையிலிருந்து 1.37 மீட்டரில், சுற்றளவு 3.14 மீட்டர். அதை 6.28-ஆல் வகுத்தால் ஆரம் 0.5 மீட்டர். ஆக மரத்தின் மையம் 12.9 மீட்டர். பேரிங் 60 டிகிரி. கிழக்கே 12.9 பெருக்கல் சைன் 60, அதாவது 11.17 மீட்டர். வடக்கே 12.9 பெருக்கல் காஸ் 60, அதாவது 6.45 மீட்டர். டிராவர்ஸில் போட்ட டிபார்ச்சர், லாட்டிட்யூட் கணக்கேதான்!

சில எச்சரிக்கைகள்: காம்பஸைப் பைக் பக்கத்தில் வைத்துப் பார்க்காதீர்கள்; இடுப்பு பெல்ட்டின் இரும்புப் பக்கிள் கூட முள்ளை இழுக்கும். காந்த வடக்குக்கும் உண்மை வடக்குக்கும் நம் மாநிலத்தில் ஏறக்குறைய ஒன்றிரண்டு டிகிரி வித்தியாசம் உண்டு. தெரிந்த இரண்டு புள்ளிகளுக்கு இடையில் பேரிங் எடுத்துத் திருத்திக்கொள்ளுங்கள். தென்னை சாய்ந்து நிற்கும். அடிமரத்துக்கு எடுங்கள், கொண்டைக்கு அல்ல. மரம் ரொம்ப நெருக்கமாக இருந்து திறந்த இடமே இல்லையென்றால், ஓரத்தில் இரண்டு புள்ளிகளை ஆர்.டி.கே.யில் எடுத்து, உள்ளே டோட்டல் ஸ்டேஷனை வைத்து வேலை செய்யுங்கள். கருவி அறையில் தூசு படிந்து கிடக்கும் காம்பஸை எடுத்துத் தந்த லேப் அண்ணன், "இதை எடுத்து வருஷக்கணக்காச்சு தம்பி" என்றார். எங்கள் புராஜெக்ட்டைக் காப்பாற்றியது அதுதான்.

வாங்குமுன் சோதனை

கருவியைக் காட்ட வரும் விற்பனையாளரிடம் ஒரு நாள் இரவல் கேளுங்கள். கூசாமல் கேளுங்கள்; பணம் நம்முடையது.

1. துல்லியமாகக் கண்ட ஒரு புள்ளி வேண்டும். கேம்பஸில் சர்வே பிரிவு கட்டிய கன்ட்ரோல் பாயின்ட் இருந்தால் அதுவே போதும்.
2. அதன் மேல் காலை, நண்பகல், மாலை என்று மூன்று வேளை, வேளைக்குப் பத்து ரீடிங். ஒரே மூச்சில் அறுபது ரீடிங் எடுத்துச் சராசரி போடுவதில் பெரிய லாபம் இல்லை. அடுத்தடுத்த விநாடிகளில் பிழையும் கூடவே நகரும். இடைவெளி விட்டு எடுத்தால்தான் உண்மை முகம் தெரியும்.
3. டோட்டல் ஸ்டேஷனில் இடம் கண்ட ஒரு மரத்தடியில் இதையே செய்யுங்கள்.
4. ஒவ்வொரு ரீடிங்கும் எத்தனை மீட்டர் தள்ளி என்று எழுதி, சிறிதிலிருந்து பெரிதாக அடுக்குங்கள். முப்பதில் இருபத்தொன்பதாவது எண்தான் உங்கள் கருவியின் நிஜத் துல்லியம். கையேட்டு எண்ணை மறந்துவிடுங்கள்.

கூடவே பார்க்க வேண்டியவை: வெயிலில் திரை தெரிகிறதா? பேட்டரி ஒரு நாள் நிற்குமா? மரத்தின் பெயர், சுற்றளவு, நிலை எல்லாவற்றையும் அதிலேயே பதிய முடியுமா? கம்ப்யூட்டருக்கு எளிதாக ஏற்ற முடியுமா? பழுதானால் பக்கத்து ஊரில் பார்ப்பார்களா, வெளிநாட்டுக்கு அனுப்புவார்களா?

எழுதி வைப்பதிலும் இருக்கிறது

டேட்டம் டபிள்யூ.ஜி.எஸ். 84 என்று தாளின் தலையிலேயே எழுதுங்கள். பழைய டோபோ ஷீட்டுகள் எவரெஸ்ட் கணக்கில் உள்ளவை. இரண்டையும் குழப்பினால் மரம் நூறு மீட்டர் அளவுக்கு நடந்து போய்விடும். யு.டி.எம். பயன்படுத்தினால் மண்டலத்தைக் குறியுங்கள். 78 டிகிரி தீர்க்கரேகை நம் மாநிலத்தை இரண்டாக வெட்டுகிறது: கோவை, ஈரோடு, திண்டுக்கல் 43-ஆம் மண்டலம்; மதுரை, சேலம், சென்னை 44. ரீடிங் எடுத்த நேரம், ஹெச்.டி.ஓ.பி., ஃபிக்ஸ்டா ஃப்ளோட்டா என்பதையும் எழுதுங்கள். பத்து மரத்துக்கு ஒரு மரம் என்று இன்னொரு நாள் போய், வேறு ஆளை விட்டு மறுபடி எடுங்கள்.

மிக முக்கியமாக, சுண்ணாம்பை நம்பாதீர்கள்! அலுமினியத் தகட்டில் எண் பொறித்து, மரம் பருக்க இடம் விட்டுத் தொங்க விடுங்கள். ஆயத்தொலைவு மரத்தின் பக்கத்தில் கொண்டுபோய் விடும். "நான்தான் 47" என்று சொல்வது தகடுதான். கூடவே ஒரு போட்டோ, "டீக்கடைக்கு மேல், பொந்து கிழக்குப் பக்கம்" என்று ஒரு வரி. இந்த ஒரு வரி எங்கள் பட்டியலில் இருந்திருந்தால் 48 இன்று நின்றிருக்கும்.

முடிவாக

எங்கள் புராஜெக்ட்டை மறுபடி முதலிலிருந்து செய்தோம். ஆர்.டி.கே. வாங்கக் காசில்லை. சப் மீட்டர் ரிசீவர் ஒன்றை நாலு நாள் வாடகைக்கு எடுத்தோம். சாலையின் நடுவே வானம் தெரியும் இடங்களில் புள்ளி, அங்கிருந்து டேப், காம்பஸ். ஒருவர் கொடி பிடித்து வண்டிகளை ஒதுக்க, மூன்று பேர் அளந்தோம். புதிய பட்டியலில் எல்லா மரத்துக்கும் தகடு உண்டு, படம் உண்டு.

நல்ல கருவி எது என்று கேட்டால், நான் இப்போது சொல்லும் பதில் இதுதான்: பக்கத்து மரத்தின் தூரத்தைக் கேட்டு, மரத்தடியில் சோதித்துப் பார்த்து வாங்கிய கருவி. அது போனாக இருந்தாலும் சரி, லட்ச ரூபாய் ரிசீவராக இருந்தாலும் சரி. அதன் பக்கத்தில் ஒரு டேப்பும் ஒரு காம்பஸும் கட்டாயம் இருக்கட்டும்.

போன மாதம் அந்த வழியாகப் போனபோது, டீக்கடைக்குப் பக்கத்தில் இரண்டு புளியங்கன்று நட்டு, முள்வேலி கட்டிவிட்டு வந்தோம். பாட்டி காசு வாங்காமல் டீ கொடுத்தார். "இதுக்கும் நம்பர் போட்டாச்சா?" என்று கேட்டார்.

போட்டாச்சு பாட்டி. இந்த முறை தகட்டில்.